தூங்கவிடாத மணி, நடக்கவிடாத மதில்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, கடைசி பஸ் போய்விடுமோ என்று மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை உறவுகளே, வணக்கம். வணக்கத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். எதிரணித் தம்பி தமக்குக் கிடைத்த பத்து நிமிடத்தில் மூன்றரை நிமிடம் வணக்கம் சொன்னார். ஒலிபெருக்கிக்காரருக்குக்கூடச் சொன்னார். மின்விசிறி மட்டும்தான் பாக்கி.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். கண்டி நகரத்தின் நடுவில், தலதா மாளிகைக்குப் பக்கத்தில் சிவப்புச் செங்கல்லில் ஒரு வேதக்கோயில் நிற்கிறதே, பரிசுத்த பவுல் ஆலயம், அது இந்த ஊருக்குத் தந்தது அதிகமா, இந்த ஊரிடமிருந்து எடுத்துக்கொண்டது அதிகமா? தந்ததே அதிகம் என்று பேச வந்திருக்கிறேன். கொள்கைப் பிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், எனக்கு இது விழுந்தது. நான் சைவக்காரி. கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வேதக்கோயிலுக்காகப் பேச மேடை ஏறியிருக்கிறேன். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒரு வாசலில் உட்கார்ந்திருப்பவர்தானே, நம் கஷ்டம் அவருக்குத் தெரியும்.

தம்பி முடிக்கும்போது ஒரு வசனம் விட்டார். "150 வருஷத்துக்கு மேலாக அந்தக் கோயில் இந்த ஊருக்குத் தந்தது ரெண்டே ரெண்டு. ஒரு மணி, ஒரு மதில். மணி தூங்கவிடாது, மதில் நடக்கவிடாது." கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்ல வசனம். தட்டிவிட்டு, எழுதிக்கொண்டு வந்த மூன்று பக்கத்தையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். அதில் நிறைய வருஷக் கணக்கு இருந்தது, தப்பித்தீர்கள். இனி மதில், அப்புறம் மணி. வேறு பேச்சு இல்லை.

முதலில் மதில். கண்டியில் நம்மை நடக்கவிடாதது மதிலா தம்பி? ரயில் நிலையத்தில் இறங்கி மணிக்கூட்டுக் கோபுரம் வரைக்கும் ஒரு சனிக்கிழமை நடந்து பாருங்கள். நடைபாதையில் பாதி செருப்புக் கடை, மீதியில் பாதி லொத்தர் சீட்டு, மிச்சம் இருக்கும் ஒரு சாண் இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். அந்த மதில் கட்டிய நாளிலிருந்து ஓர் அங்குலம்கூட வீதிக்குள் வந்ததில்லை. உங்களுக்குத் தெரிந்த எந்தக் கடைக்காரரைப் பற்றியாவது இப்படிச் சொல்ல முடியுமா?

அந்த மதில் இல்லாவிட்டால் நானே இல்லை. சிரிக்காதீர்கள், கதையைக் கேளுங்கள்.

1978. என் அம்மாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அம்மாவுக்குத் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டம், அப்பாவுக்கு மாத்தளைப் பக்கம். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்து பார்க்கலாம் என்றால் எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவள், ஒத்துக்கொள்ளவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. பக்கத்துக் காம்பராவில் வெங்காயம் உரித்தால் இங்கே கண் கலங்கும். மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால், அவர்கள் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே தொங்கல் லயம் வரைக்கும் சேதி போய்விடும். அதனால் கண்டியில் பார்க்கலாம் என்றார் அம்மாயி. கண்டியில் எங்கே? "செங்கல் வேதக்கோயில் வாசல்." இடத்தைச் சொன்னது அம்மாயி, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வருகிறேன்.

சேதி தரகர் மூலமாகப் போகிறது. அங்கேதான் வில்லங்கம். மனிதர் கொஞ்சம் செந்தமிழ். வேதக்கோயில் என்று எழுதியிருந்தால் வம்பே இல்லை, சர்ச்சு என்று எழுதியிருந்தாலும் போதும். அவர் தபாலட்டையில் எழுதினாராம்: "எதிர்வரும் ஞாயிறு காலை பத்து மணியளவில் கண்டி மாநகரின் மத்தியில் அமைந்துள்ள தேவாலயத்தின் முகப்பில் இரு வீட்டாரும் சந்திப்பதாகுக." சந்திப்பதாகுக!

அப்பா வீட்டார் கண்டிக்கு வந்து இறங்கினார்கள். அப்பாவுக்கு 23 வயது, கணக்கப்பிள்ளையிடம் இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டை, கொஞ்சம் இறுக்கமான காற்சட்டை. வழியில் ஒருவரிடம் சிங்களத்தில் கேட்டார்கள், "தேவாலய கொஹெத?" சிங்களத்தில் தேவாலய என்றால் தெய்வங்களின் கோயில். அந்த மனிதர் நல்ல மனிதர், சரியாகத்தான் கை காட்டினார். நாத தேவாலயம் அங்கே இருக்கிறது, பத்தினி தேவாலயம் அங்கே இருக்கிறது, கொஞ்சம் தள்ளி விஷ்ணு தேவாலயம். இவர்கள் போய் நின்றது பத்தினி தேவாலயத்து வாசலில். பத்தினி யார்? நம் கண்ணகி. "ஆகா, கண்ணகி வாசலிலா பெண் பார்க்கப்போகிறோம்" என்று எல்லோரும் கும்பிட்டார்களாம். கோவலன் கதை தெரிந்த அப்பாயி, அப்பாவைப் பெற்றவள், மட்டும் மகனை ஒரு மாதிரிப் பார்த்தாளாம்.

இந்தப் பக்கம் அம்மா வீட்டார் செங்கல் கோயில் வாசலில். அந்தப் பக்கம் அப்பா வீட்டார் பத்தினி வாசலில். இடையில் சில நூறு அடியும் ஒரு மதிலும். பத்து மணி, வரவில்லை. பத்தரை, வரவில்லை. பதினொன்று. இங்கே மாமா சொல்கிறார், "மாத்தளைக்காரனுக்கு வாக்குச் சுத்தம் இல்லை." அங்கே சித்தப்பா சொல்கிறார், "தெல்தோட்டைக்காரனுக்கு நேரம் பார்க்கத் தெரியாது." இங்கே வெற்றிலை வாடுகிறது, அங்கே லட்டுப் பெட்டியில் எறும்பு. இரண்டு ஊருக்கும் பகை மூளப்போகிற நேரத்தில் வருகிறார் எங்கள் குலதெய்வம், கடலை விற்கும் கச்சான்காரர்.

தலையில் கூடை, கூடையில் காகிதச் சரையில் கச்சான். இந்த வாசலில் விற்பார், அந்த வாசலுக்குப் போவார், திரும்பி வருவார். அம்மா வீட்டாருக்கு ஒரு தடவை விற்றார், அப்பா வீட்டாருக்கு ஒரு தடவை விற்றார். இரண்டாவது சுற்று, இங்கே ஐந்து சரை, அங்கே ஆறு. மூன்றாவது சுற்றும் விற்றார். காசை எண்ணி மடியில் முடிந்துகொண்ட பிறகுதான் வாய் திறந்தார்: "அந்தப் பக்கமும் ஒரு கூட்டம் இதே மாதிரி வாழைப்பழச் சீப்போடு நிக்குதே, நீங்க ஒரே ஆளுங்களா?" முதல் சுற்றிலேயே தெரியும் அவருக்கு! தேவாலயம் நகர வியாபாரத்தைக் கெடுத்தது என்றாரே எதிரணித் தலைவர், அந்தக் கச்சான்காரரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

சேதி கேட்டதும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. சுற்றிப் போக நேரமில்லை, பெண் எழுந்து போய்விட்டால்? ஒரு கல்லில் கால் வைத்தார், மதிலைப் பிடித்து எம்பினார். டர்ர் என்று ஒரு சத்தம். காற்சட்டை. இந்தப் பக்கம் அம்மா நிமிர்ந்து பார்க்கிறாள். மதிலுக்கு மேலே ஒரு தலை. எண்ணெய் தடவி வகிடு எடுத்த தலை. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. என் அம்மா என் அப்பாவை முதன்முதலில் பார்த்தது தலையை மட்டும்தான். "தலை பரவாயில்லை" என்று நினைத்தாளாம்.

அதற்கப்புறம் எல்லோரும் கூடி, பேசி, லட்டிலிருந்து எறும்பைத் தட்டித் தின்று முடிக்கும் வரைக்கும் அப்பா மதிலில் முதுகை ஒட்டியபடியே நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. சுற்றி வந்து சுவாமி கும்பிடலாம் என்றார்கள், அசையவில்லை. மாமாவுக்கு ஒரே பூரிப்பு. "பாருங்க, பெரியவங்களுக்கு முதுகு காட்டாம நிக்கிற பிள்ளை. இந்தக் காலத்தில் யாரு இப்படி?" அந்த ஒரு குணத்துக்காகத்தான் பெண் கொடுத்தார்கள். உண்மைக் காரணம் கல்யாணத்துக்கு மறுவாரம் காற்சட்டையைத் தைத்துத் தந்தபோதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது.

தம்பி, மதில் நடக்கவிடாது என்றீர்கள். சரி, நடக்கவிடவில்லை. ஏறவிட்டதே!

முதல் மணி அடித்துவிட்டார் ஐயா. பாருங்கள், மணியைப் பற்றிப் பேசுவதற்குள் மணி வந்துவிட்டது.

எதிரணித் தலைவர் ஒரு கனமான வாதம் வைத்தார். பதில் சொல்லாமல் போனால் ஓடிவிட்டாள் என்பார். "அது ராஜாவின் சதுக்கம். வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குக் கோயில் கட்ட வேறு இடமா இல்லை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1815ல் கண்டி வெள்ளைக்காரன் கைக்குப் போனது. ராஜா கொலு இருந்த மகுல் மடுவத்திலேயே அவர்கள் ஆராதனை நடத்தினார்கள். 1825ல் கல்கத்தாவிலிருந்து பிஷப் ஹீபர் வந்தபோதும் அந்த மண்டபத்தில்தான். அப்புறம் 1840களில், கோப்பிக் காசு கொழித்த காலத்தில், இந்தச் செங்கல் கோயில். முன்வரிசையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, நம் பாட்டன் இல்லை. கட்டியவன் கேட்டுக் கட்டவில்லை. இதை நான் மறுத்தால் பிள்ளையார் மன்னிக்கமாட்டார்.

ஆனால் கிறிஸ்தவ வேதமே வெள்ளைக்காரனோடுதான் கண்டிக்கு வந்தது என்றாரே, அது தவறு. செங்கல் வருவதற்கு 150 வருஷம் முன்னால், 1692ல், கோவாவிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் கண்டிக்குள் நுழைந்தார். ஜோசப் வாஸ். ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள். தமிழும் தெரியும், சிங்களமும் தெரியும். 1697ல் அம்மை வந்து ஊரே காலி செய்துகொண்டு ஓடியபோது ஓடாமல் இருந்து, கிடந்தவர்களைக் கழுவி, செத்தவர்களைப் புதைத்தார். 1711ல் இந்த ஊரிலேயே இறந்தார். 2015ல் போப்பாண்டவர் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தார். அவரைப் புதைத்த இடம் இதுதான் என்று இன்றைக்குக் கண்டியில் யாராலும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. எந்தக் கடைக்கு அடியிலோ, எந்தத் தெருவுக்கு அடியிலோ. கண்டி டவுனில் நாம் பார்த்து நடப்பது நல்லது.

1854ல் அங்கிலிக்கன் மிஷனரிகள் கண்டியை மையமாக வைத்துத் தமிழ்க் கூலி மிஷன் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெயரைக் கேட்டால் உங்களுக்கு வரும் கோபம் எனக்கும் வருகிறது. ஆனால் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தார்கள். இதைத் தராசில் எந்தத் தட்டில் வைப்பது என்று நடுவர் ஐயா முடிவு செய்யட்டும். எனக்கு நேரமில்லை, மணிக்குப் போக வேண்டும்.

அம்மாயி ஏன் அந்த வாசலைச் சொன்னாள்? கண்டியில் அவளுக்கு வேறு இடம் தெரியாதா? மார்க்கட் தெரியும், ஆஸ்பத்திரி தெரியும், ஏரிக்கரை தெரியும்.

அதற்கு நான்கு வருஷம் முன்னால் போக வேண்டும், 1974. அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்த வருஷம். 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று, இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துச் சனமான நம்மைப் பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவைத்து, 1974ல் சிறிமாவும் இந்திராவும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். கச்சான்காரர்கூடச் சரையை இன்னும் கொஞ்சம் யோசித்துத்தான் பிரிப்பார்.

அம்மாயிக்கு ஓர் அக்கா. ஒரே தோட்டம், அடுத்தடுத்த காம்பரா. அக்கா புருஷன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்திருந்தார், அம்மாயி புருஷன் இங்கே இருக்க எழுதிக்கொடுத்திருந்தார். இரண்டு ஆம்பளைகளும் ஆளுக்கொரு தாளில் கைநாட்டு வைத்ததில் அக்காவும் தங்கச்சியும் இரண்டு நாட்டுக்காரர்களாகிவிட்டார்கள்.

அக்கா போகிற நாள். தோட்டத்திலிருந்து காலையிலேயே கண்டிக்கு வந்துவிட்டார்கள். கோச்சி, அதுதான் ரயில், சாயங்காலம்தான். ஆம்பளைகள் காகித வேலையாக அங்கும் இங்கும் ஓடுகிறார்கள். பொம்பளைகள் தகரப் பெட்டியும் மூட்டையுமாக எங்கே இருப்பது? கடையில் உட்கார்ந்தால் தேத்தண்ணி வாங்க வேண்டும், ஒரு தேத்தண்ணிக்கு எவ்வளவு நேரம் உட்காரவிடுவான்? குயின்ஸ் ஹோட்டல் வாசலில் நிற்க முடியுமா? ஏரிக்கரையில் இருக்கலாமே என்பீர்கள். கண்டி மழை, உங்களுக்குத் தெரியாதா? அந்தச் செங்கல் மதிலோரமாகப் பெட்டியை வைத்துவிட்டு நனைந்துகொண்டு நின்றார்கள். உள்ளேயிருந்து ஒரு கிழவர் வந்து கேற்றைத் திறந்து, "வாசல்ல வந்து குந்துங்க ஆத்தா" என்றாராம். அவ்வளவுதான். எந்த ஊர், என்ன சாதி, என்ன வேதம், ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாசற்படியில் உட்கார்ந்து வாழை இலையில் கட்டி வந்த கிழங்கையும் கட்டச் சம்பலையும் சாப்பிட்டார்கள். என் அம்மாவுக்குப் பதினைந்து வயது இருக்கும், பக்கத்தில் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாளாம். சாப்பிட்டு முடிந்ததும் பேச ஒன்றும் இல்லை. அம்மாயி மடியிலிருந்து மரச்சீப்பை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வாசலில் அக்காவுக்குத் தலை வாரிவிடுவது அவள்தான். அன்றைக்கும் கீழ்ப்படியில் அக்காவை உட்காரவைத்து, ஈரத் தலையைச் சிக்கெடுத்து, நிதானமாகப் பின்ன ஆரம்பித்தாள். நாற்பது வயதுப் பொம்பளை, பிள்ளை மாதிரி தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டு இருந்தாளாம்.

இரண்டு பேரிடமும் கடிகாரம் கிடையாது. பாதி பின்னும்போது மேலே மணி அடித்தது. அக்கா கேட்டாள், "அஞ்சா?" அம்மாயி பதில் சொல்லவில்லை. பின்னிக்கொண்டே இருந்தாள். அக்காதான் மெதுவாகத் தலையை இழுத்துக்கொண்டு, பாதிப் பின்னலை அப்படியே அள்ளி முடிந்துகொண்டு, பெட்டியைத் தூக்கினாள்.

அந்தக் கோச்சிக்கு நம் சனம் வைத்த பெயர் உங்களுக்குத் தெரியும். ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னாருக்குப் போய், கப்பல் ஏறி, ராமேஸ்வரம். அப்புறம் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் இருந்து இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் வரவில்லை.

இப்போது 1978க்கு வாருங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரைக் காணோம் என்று எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தார்களே, அம்மாயி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். வராவிட்டால் போகட்டும் என்பது போல அந்தப் படியில், அதே படியில், உட்கார்ந்திருந்தாளாம். மடியில் சீப்பு. இதை அம்மா எனக்குச் சொன்னது அம்மாயி செத்த பிறகு. அதுவரைக்கும் நாங்கள் எல்லோரும் அந்த மதில் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், அம்மாயி முன்னாலேயே.

தம்பி, மணி தூங்கவிடாது என்றீர்கள். எங்கள் அம்மாயியை அந்த மணி எத்தனை ராத்திரி...

ஐயா அடித்துவிட்டார். இரண்டாவது மணி. இது வாதமா என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள் ஐயா, எனக்கும் தெரியவில்லை. எழுதி வந்த மூன்று பக்கத்தில்தான் வாதம் இருந்தது. பாதியில் நிற்கிறேன். பரவாயில்லை, அள்ளி முடிந்துகொண்டு இறங்குகிறேன். வணக்கம்.